குடியிருப்புக் காவலாளிகளுக்கு என்ன பயிற்சி தர வேண்டும்?

வேளச்சேரிப் பக்கம் 220 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பின் சங்கச் செயலாளர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "பக்கத்துத் தெருவில் இரண்டு முறை சங்கிலிப் பறிப்பு நடந்துவிட்டது. எங்களிடம் ஏஜென்சி மூலம் வந்த 11 காவலாளிகள் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் எங்கள் கேட்டுக்குள் மட்டும் இல்லாமல் தெருவுக்கும் பாதுகாப்பாக இருப்பார்களா? லத்தி, கராத்தே எல்லாம் கற்றுத்தர வேண்டுமா? போலீஸ் ஒத்துழைக்குமா? எத்தனை நாள் ஆகும்?"

இருப்பார்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாகக் காவலாளிகளுக்கு வகுப்பெடுத்து வருகிறேன். சங்கங்கள் என்னிடம் முதலில் கேட்பது லத்திச் சுற்றும் தற்காப்பும்தான். நான் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுவேன், நேரம் இல்லாவிட்டால் விட்டும்விடுவேன். சங்கிலி பறிக்கிறவன் பைக்கில் வருகிறான், பத்து நொடியில் போய்விடுகிறான். அவனை லத்தியால் மடக்க 55 வயதுக் காவலாளியால் முடியாது, முயன்றால் அவர் உயிருக்குத்தான் ஆபத்து. ஆனால் அதே தெருவில் அதே பைக் முந்தின நாளும் இரண்டு முறை மெதுவாகச் சுற்றியிருக்கும். அதைப் பார்த்தவர் உங்கள் கேட் காவலாளியாகத்தான் இருப்பார். பார்த்ததை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. பயிற்சி அங்கேதான் தொடங்க வேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் நீங்கள் புதிதாகச் செலவு செய்ய நினைக்கும் பயிற்சியில் பெரும் பகுதியை ஏஜென்சி ஏற்கெனவே கொடுத்திருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தைத் தொழிலில் 'பசாரா' என்பார்கள். அதன்படி உரிமம் இல்லாமல் யாரும் காவலாளிகளை அனுப்பக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவலாளிக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 65 நிரம்பியிருக்கக் கூடாது. நடத்தை பற்றி விசாரித்திருக்க வேண்டும். பயிற்சி முடித்திருக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் அந்தப் பயிற்சிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் என்று அளவு வைத்திருக்கின்றன, அதுவும் குறைந்தது 20 வேலை நாட்களில். முன்னாள் ராணுவத்தினர், போலீஸ்காரர்கள் என்றால் 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப் பயிற்சியும் போதும். பாடத்திட்டமும் நன்றாகத்தான் இருக்கிறது: தீயணைப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, அடையாள அட்டை பரிசோதனை, வெடிபொருளை அடையாளம் காண்பது, முதலுதவி, பேரிடர் நேரத்தில் செய்ய வேண்டியவை, தற்காப்பு உரிமை, காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யும் முறை. காவலாளி ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும் என்றுகூட இருக்கிறது. 15 பேருக்கு மேல் போனால் இன்னொரு மேற்பார்வையாளர் வேண்டும் என்றும் இருக்கிறது.

காகிதத்தில் எல்லாம் சரி. நடைமுறையில், திங்கட்கிழமை ஊரிலிருந்து வந்து இறங்கியவர் செவ்வாய் இரவே உங்கள் கேட்டில் நிற்பார், புதன்கிழமை அவர் பெயரில் 160 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் ஃபைலில் இருக்கும். தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த தேதி, பயிற்சி தொடங்கிய தேதி, முடிந்த தேதி, உங்கள் இடத்தில் டூட்டி ஏறிய தேதி, இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு சங்கத்தில் அப்படிக் கேட்டபோது, ஃபீல்ட் ஆபீசர் ஃபைலை எடுத்துவருகிறேன் என்று போனவர் போனவர்தான். ஏஜென்சியை மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. நீங்கள் இதையெல்லாம் பார்க்கிறவர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்தாலே அடுத்து அனுப்பும் ஆட்களின் தரம் மாறும்.

போலீஸ் சரிபார்ப்பையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 2018-இல் அயனாவரத்துக் குடியிருப்பு ஒன்றில் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையில் கைதான 17 பேரில் லிஃப்ட் ஆபரேட்டர், காவலாளி, பராமரிப்பு வேலை செய்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். 2020-இல் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதன் பிறகு எல்லாச் சங்கங்களும் கொஞ்ச நாள் ஆதார் நகல் வாங்கி வைத்தன. ஆதார் நகல் என்பது சரிபார்ப்பு ஆகாது.

சரி, இப்போது உண்மையான பயிற்சிக்கு வருகிறேன்.

வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் 1972 ஜூன் 17 அதிகாலையில் ரோந்து போன காவலாளி ஃபிராங்க் வில்ஸுக்கு அப்போது வயது 24. கீழ்த்தளக் கதவு ஒன்றின் தாழ் உள்ளே போகாதபடி டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். யாரோ வேலையாட்கள் ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று பிய்த்துப் போட்டுவிட்டார். திரும்பி வந்தால் மறுபடியும் டேப். உடனே போலீஸுக்கு போன் செய்தார். அங்கிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்திருந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். நூல் பிடித்துப் போய் இரண்டு வருடத்தில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பதவி விலகினார். வில்ஸ் யாரையும் துரத்தவில்லை, யார் மீதும் கை வைக்கவில்லை. இருக்க வேண்டியபடி இல்லாத ஒன்றைப் பார்த்தார், இரண்டாம் முறை பார்த்ததும் போனை எடுத்தார், அவ்வளவுதான். வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது யாராவது ஒருவர், "நாங்களா இருந்தா முதல்ல சூப்பர்வைசருக்குப் பண்ணணும் சார்" என்பார். சிரிப்பாகச் சொன்னாலும் அதுதான் விஷயம்.

இதற்கு நேர் எதிரானது பிரிட்டனின் மான்செஸ்டரில் நடந்தது. 2017 மே 22, இசை நிகழ்ச்சி முடிந்து குழந்தைகள் வெளியே வரும் நேரத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். பெரிய முதுகுப்பையோடு அங்கே உட்கார்ந்திருந்த ஆளைப் பற்றி, மகளை அழைத்துப்போக வந்திருந்த ஒருவர் சுமார் கால் மணி நேரம் முன்பே பணியாளர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பணியாளர் தன் இடத்தை விட்டு நகர முடியாமல், அந்த வழியாக வந்த 18 வயதுக் காவலாளியிடம் சொன்னார். அவருக்கும் சந்தேகம்தான். வாக்கிடாக்கியில் கட்டுப்பாட்டு அறையைப் பிடிக்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் இனவெறியன் என்பார்களோ என்ற பயம் வேறு. விட்டுவிட்டார். 2021-இல் வந்த விசாரணை அறிக்கை இதைத் தவறவிட்ட வாய்ப்பு என்றே எழுதியது. மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை. பிரிட்டனில் 2025-இல் பொது இடங்களின் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே வந்ததற்கு அந்த இரவுதான் காரணம்.

நம் சட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பசாராவின் 18-ஆம் பிரிவு, பணியின்போது சட்ட மீறலைப் பார்க்கும் காவலாளி தன் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும், அவர் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வரிசை வைத்திருக்கிறது. திருட்டு மின்சாரத்துக்கோ போலி பில்லுக்கோ இது சரி. கண்ணெதிரே ஒருவர் கத்தியோடு நிற்கும்போது இந்த வரிசை வேலைக்கு ஆகாது. இரவு இரண்டு மணிக்கு சூப்பர்வைசர் போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் "நான் ஆபீசரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். அவசரத்தில் எந்தக் குடிமகனும் 112-ஐ அழைக்கலாம், காவலாளி உட்பட. அதனால் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு தாள் அடித்து, ஏஜென்சியும் கையெழுத்துப் போட்டு, கேபினில் ஒட்டுங்கள்: உயிருக்கு ஆபத்து, தீ, கண் முன்னால் குற்றம், இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் காவலாளி யாரையும் கேட்காமல் முதலில் 112, பிறகு சூப்பர்வைசர், பிறகு செயலாளர். தவறான அழைப்பாகப் போனாலும் வேலை போகாது என்று தமிழிலும் இந்தியிலும் எழுதுங்கள். இந்த ஒரு தாளின் பலன் என் வகுப்புகள் பாதிக்குச் சமம்.

வேலை போகாது என்பதை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் சமயத்தில் பூங்காவில் பெஞ்சுக்கு அடியில் கிடந்த பையைப் பார்த்துச் சொல்லி, கூட்டத்தை விலக்கிய காவலாளி ரிச்சர்ட் ஜூவல்மீதே எஃப்.பி.ஐ. சந்தேகப்பட்டு, பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. குற்றமற்றவர் என்று சொல்ல ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. நம் ஊரில் டிவி வரை போகாது, "நைட் டூட்டியில இருந்தவன் யாரு, கூப்பிடு" என்று முதல் அடி அவனுக்கு விழும். திருட்டு நடந்த வீட்டின் கேட்டில் நின்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் பலர் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுகிறார்கள்.

112-ஐ அழைப்பதற்கே ஒரு பயிற்சி வேண்டும். நான் வகுப்பில் ஒருவரை எழுப்பி, "அந்தப் பக்கம் தீப்பிடிச்சிருக்கு, எனக்கு போன் பண்ணு" என்பேன். நூற்றுக்கு எண்பது பேர், "சார், நான் செக்யூரிட்டி பேசறேன் சார்..." என்று ஆரம்பித்து, ஏஜென்சி பெயர், சூப்பர்வைசர் பெயர் எல்லாம் சொல்லிவிட்டு, இடத்தைச் சொல்லும்போது "ரெண்டாவது பாயின்ட் சார்" என்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஏஜென்சி வேனில் ஏற்றிவந்து இறக்கிவிட்ட இடம் அது. தெருப் பெயர் தெரியாது, கதவு எண் தெரியாது. ஆகவே கேபின் சுவரில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகப் பெரிய எழுத்தில் முகவரியை எழுதுங்கள். பக்கத்தில் இருக்கும் கோயிலோ, பெட்ரோல் பங்க்கோ, பள்ளியோ ஒரு அடையாளம். தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை. பேசும் வரிசை: எங்கே, என்ன, எத்தனை பேர், பிறகுதான் யார் பேசுகிறது. இதை ஷிஃப்ட் மாறும்போது வாரம் ஒருவரை வாயால் சொல்லச் சொன்னால் ஒரு மாதத்தில் எல்லோருக்கும் வந்துவிடும்.

அப்புறம் பார்ப்பது. இதற்கு ஒரு பயிற்சி எல்லா இடத்திலும் செய்வேன். ஸ்டில்ட் பார்க்கிங்கில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, முன்பே சொல்லிவைத்த ஆள் ஒருவர் பைக்கில் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். கொஞ்ச நேரம் கழித்து, வந்தவர் எப்படி இருந்தார் என்று கேட்பேன். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு இடத்தில் டிகிரி முடித்த இளைஞர்கள் இரண்டு பேர் "பிளாக் பைக், ஹெல்மெட்" என்பதோடு நின்றுவிட்டார்கள். பின்வரிசையில் செங்கம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர், நோட்டில் தன் பெயரைத் தவிர எதையும் எழுத மாட்டார், மெதுவாகச் சொன்னார்: "பின்னாடி மட்கார்டு இல்ல சார். சைலன்சர் சத்தம் ஓட்டை சத்தம். இடது கால்ல செருப்பு வாரு வேற கலரு." மாடு மேய்த்த கண் அது. எழுதத் தெரியாது என்பதால் அந்த இடத்து ரெஜிஸ்டரில் அவர் பார்த்தது எதுவும் ஏறியதே இல்லை. அவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பக் கற்றுக்கொடுத்தோம். உங்கள் 11 பேரில் எழுதத் தயங்குகிறவர்கள், தமிழ் எழுதத் தெரியாத அசாம், ஒடிசா ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் இதே வழிதான். குரல் பதிவில் நேரம் தானாகவே பதிந்துவிடும், அது கூடுதல் வசதி.

சொல்லும் வரிசையையும் பழக்க வேண்டும். வண்டி எண்ணில் கடைசி நான்கு இலக்கம் முதலில், ஏனென்றால் அதுதான் ஒரு நொடியில் மனதில் நிற்கும். பிறகு போன திசை. பிறகு வண்டி, பிறகு ஆள். ஆளைப் பார்க்கும்போது சட்டையை விடக் கால் முக்கியம். சட்டையை அடுத்த தெருவிலேயே மாற்றிவிடுவார்கள், செருப்பை யாரும் மாற்றுவதில்லை.

யாரைச் சந்தேகப்படுவது என்பதில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். முகத்தையும் மொழியையும் உடையையும் பார்த்துச் சந்தேகப்படுவது பயிற்சி இல்லை, அது ஆபத்து. 2018 மே மாதம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தைப் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. வாட்ஸ்அப் வதந்தி செய்த வேலை. உங்கள் காவலாளிகள் அதே வாட்ஸ்அப்பைத்தான் பார்க்கிறார்கள். எனவே வகுப்பில் செயலை மட்டும் பேச வேண்டும்: ஒரே வண்டி திரும்பத் திரும்ப வருவது, பூட்டிய வீட்டின் முன் நின்று போன் பேசுவது போல நடிப்பது, கேமராவைப் பார்த்துத் தலை திருப்புவது, பையை வைத்துவிட்டு விலகிப் போவது. வடநாட்டுத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்யும் அம்மாவும் டெலிவரி பையனும் தாங்களாகவே சந்தேகத்துக்கு உரியவர்கள் இல்லை. இதைச் சங்கத்து உறுப்பினர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், காவலாளிகள் பாடம் படிப்பது அவர்களிடம்தான்.

இனி தீ. சங்கிலிப் பறிப்பைப் பற்றிக் கேட்டவருக்குத் தீ எதற்கு என்று தோன்றலாம். 220 வீட்டில் உயிர்ச்சேதம் என்று ஒன்று வந்தால் அது பறிப்பால் வருவதை விடத் தீயாலோ மாரடைப்பாலோ வருவதற்கே வாய்ப்பு அதிகம். கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அதிகாலை ஆம்ரி மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. வண்டி நிறுத்த வேண்டிய இடத்தில் எரியக்கூடிய பொருட்களைப் போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்துக் குடிசைப் பகுதி மக்கள் புகையைப் பார்த்துவிட்டு உதவ ஓடிவந்தார்கள். சமையலறையில் சின்னத் தீதான், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அந்த மக்களே பின்னர் சொன்னார்கள். ஏசி குழாய் வழியாகப் புகை மேல் மாடிகளுக்கு ஏறி, படுத்த படுக்கையாக இருந்தவர்கள் உட்படச் சுமார் 90 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். வெளியாளை உள்ளே விடக் கூடாது என்பதுதான் அந்தக் காவலாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வேலை. அதைத்தான் கடைசி வரை செய்தார்கள். எப்போது கதவைத் திறந்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் குடியிருப்புகளிலும் இதன் சிறிய வடிவம் தினமும் நடக்கிறது. 108 ஆம்புலன்ஸை நிறுத்தி, விசிட்டர் புத்தகத்தில் வண்டி எண்ணும் ஃபிளாட் எண்ணும் எழுதிவிட்டுத்தான் உள்ளே விடும் காவலாளியை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வந்தால் புத்தகம் கிடையாது, கேட்டை முழுதாகத் திற, ஒருவர் வண்டிக்கு முன்னால் ஓடி வழி காட்டு, இன்னொருவர் லிஃப்டைத் தரைத்தளத்தில் பிடித்துவை. இதை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். பெரும்பாலான இடங்களில் தீயணைப்பு வண்டி திரும்ப வேண்டிய முனையில் யாரோ ஒருவருடைய கார் நிற்கிறது என்பது அந்த ஒத்திகையில்தான் தெரியவரும்.

தீயணைப்பான் விஷயத்தில் கையில் கொடுத்து அடிக்கவைக்காமல் பயிற்சி என்று சொல்லக் கூடாது. சுவரில் மாட்டியதைக் காட்டிப் பாடம் எடுத்தால், தேவைப்படும் நாளில் பின்னைப் பிடுங்காமலே கைப்பிடியை அழுத்திக்கொண்டு நிற்பார்கள், பார்த்திருக்கிறேன். ஆறு கிலோ சிலிண்டர் அரை நிமிடம்கூட வராது. அதற்குள் தழலின் அடிப்பகுதியில் அடித்தாக வேண்டும், மேலே அடித்தால் பவுடர்தான் வீண். மீட்டர் போர்டு எரிந்தால் தண்ணீர் கூடாது, மெயின் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் கையை வைத்துக் காட்ட வேண்டும். மொட்டைமாடிக் கதவுச் சாவி எங்கே என்று கேளுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். இதற்குக் காசு கொடுத்து ஆள் வைக்கத் தேவையில்லை. எழுதிக் கேட்டால் உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து செய்து காட்டுவார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தடுப்பு வாரம், அந்தச் சமயத்தில் அவர்களே இடம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதலுதவியில் எல்லாவற்றையும் கற்றுத்தர வேண்டாம். மார்பை அழுத்தும் சி.பி.ஆர்., ரத்தம் கொட்டினால் துணியை வைத்து அழுத்திப் பிடிப்பது, வலிப்பு வந்தவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைப்பது, இந்த மூன்றும் போதும். சி.பி.ஆர். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம். பொம்மை வைத்து ஆளுக்கு இரண்டு நிமிடம் செய்யவிட்டால் அது எவ்வளவு கடினமான வேலை என்று புரியும், மாற்று ஆள் ஏன் வேண்டும் என்பதும் புரியும். பிரிட்டனில் 2021 முதல் முதலுதவிச் சான்றிதழ் இல்லாமல் காவலாளி உரிமத்துக்கான வகுப்பிலேயே சேர முடியாது.

சட்ட எல்லையை ஒரு மணி நேரமாவது பேசியாக வேண்டும், அவர்களுக்கும் உங்களுக்கும். காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. சாதாரணக் குடிமகனுக்கு உள்ளதுதான் அவருக்கும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 40-ஆம் பிரிவின்படி, பிணையில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைத் தன் கண் முன்னால் செய்தவரைத் தனியாள் பிடிக்கலாம். தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். பிடித்துக் கட்டிவைத்து அடிப்பதற்கு எந்தப் பிரிவும் இல்லை. அது அவர்மீதே வழக்காகும், கேபினில் பூட்டி வைக்கச் சொன்ன செயலாளர்மீதும்தான். உடல் சோதனை, பை சோதனை எல்லாம் சம்மதத்தோடுதான். வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் பையைக் கேட்டில் கொட்டச் சொல்லும் வழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். போலீஸ், ராணுவச் சீருடை போலத் தோன்றும் உடையும் கூடாது, அதற்குத் தனித் தண்டனை இருக்கிறது. லத்தி பற்றிக் கேட்டீர்களே, என் பதில் இதுதான்: நல்ல டார்ச், விசில், சார்ஜ் ஏறிய போன். விசிலை எடுத்து ஊதினால் தெருவே பால்கனிக்கு வரும், பறிக்க வந்தவன் விரும்பாதது அது ஒன்றுதான்.

போலீஸ் ஒத்துழைக்குமா என்றால், ஒத்துழைக்கும். ஆனால் சங்கத் தலைவர் இன்ஸ்பெக்டருக்குப் பொன்னாடை போர்த்தும் வகையில் போனால் போட்டோவோடு முடிந்துவிடும். தினமும் இரவு ரோந்து வரும் காவலர், வந்து போனதற்கு அடையாளமாகப் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார் அல்லவா, அந்தப் புத்தகத்தை உங்கள் கேபினில் வைக்கச் சொல்லி நிலையத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போடும் அந்த இரண்டு நிமிடத்தில் காவலாளியும் ரோந்துக் காவலரும் முகம் பார்த்துப் பேச வேண்டும். "நேத்து ஒரு வண்டி சுத்திச்சு" என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. மூன்றே மாதத்தில் காவலர் தானாகவே வண்டியை நிறுத்தி, என்னப்பா விசேஷம் என்று கேட்க ஆரம்பிப்பார். அந்தத் தெருவில் இருக்கும் மற்ற இடங்களையும், வங்கி ஏ.டி.எம்., மருந்துக் கடை, பக்கத்துக் குடியிருப்பு, எல்லாக் காவலாளிகளையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள். குட்மார்னிங் படம் போட்டால் நீக்கம் என்ற ஒரே விதியோடு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பலருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 12 மணி நேர டூட்டி பார்த்துவிட்டு, ரிலீவர் வரவில்லை என்று இன்னொரு 12 மணி நேரம் நிற்பவருக்கு நான் என்ன வகுப்பெடுத்தாலும் அதிகாலை மூன்று மணிக்குக் கண் மூடித்தான் போகும். டபுள் டூட்டியை ஏஜென்சி விரும்புகிறது, ஆள் மிச்சம். காவலாளியும் விரும்புகிறார், சம்பளம் பத்தவில்லை. நீங்கள் கண்டுகொள்வதில்லை, மாதக் கட்டணம் ஏறவில்லை. சிங்கப்பூரில் 2016 முதல் பயிற்சியையும் பதவிப் படியையும் சம்பளத்தோடு கட்டிவிட்டார்கள். உரிமம் வேண்டும் என்றால் ஏஜென்சி அந்தச் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். 2021-இல் கூடுதல் நேரத்துக்கு மாதம் 72 மணி என்ற வரம்பும் காவலாளிகளுக்கு வந்துவிட்டது. பயங்கரவாத அபாயத்தை அடையாளம் காணும் பாடம் அங்கே அடிப்படை உரிமத்துக்கே கட்டாயம். அதை எல்லாம் ஒரு சங்கம் செய்ய முடியாது. ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்க முடியும்: எங்கள் இடத்தில் யாரும் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, பயிற்சி பெற்ற ஆளை 15 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது. இரண்டாவது வரி இல்லையென்றால் நீங்கள் செலவழித்துப் பழக்கிய ஆட்கள் ஆறு மாதத்தில் வேறு சைட்டில் இருப்பார்கள், உங்கள் கேட்டில் பாதி முகம் புதிதாக இருக்கும். கூடவே கேபினில் ஒரு ஃபேன், குடிதண்ணீர், அவர்களுக்கென்று ஒரு கழிப்பறை. கழிப்பறை இல்லாத இடத்தில் காவலாளி கேட்டை விட்டுப் போகத்தான் போவார், எப்போது போவார் என்று நோட்டம் விடுகிறவனுக்குத் தெரியும்.

நாள் கணக்குக் கேட்டிருந்தீர்கள். ஷிஃப்ட் மாறும் காலை எட்டு மணியை ஒட்டி முக்கால் மணி நேரம், வாரம் இரண்டு நாள், ஆறு வாரம். முதல் வாரம் அழைப்பும் முகவரியும், இரண்டாவது வாரம் பார்ப்பது, அடுத்த இரண்டு வாரம் தீயும் ஆம்புலன்ஸும், ஐந்தாவது வாரம் முதலுதவி, கடைசியில் சட்டம். இரவு டூட்டி முடித்தவரை அதற்கு மேல் உட்காரவைக்காதீர்கள், தூங்கிவிடுவார், தப்பும் இல்லை. உட்காரும் நேரத்துக்குச் சம்பளம் போட்டுக் கொடுங்கள், காலை டிபனும் வாங்கிவையுங்கள். பிறகு மாதம் ஒருமுறை பத்து நிமிட ஒத்திகை, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல், ஒருமுறையாவது இரவு இரண்டு மணிக்கு. பயிற்சியாளர் கட்டணம், பொம்மை வாடகை, சிலிண்டர் திரும்ப நிரப்பும் செலவு எல்லாம் சேர்த்து 220 வீட்டுக்குப் பிரித்தால் பெரிய தொகை வராது. அதற்கு முன் அந்த நான்கு தேதித் தாளை ஏஜென்சியிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். 160 மணி நேரத்தில் எவ்வளவு உண்மையாக நடந்தது என்று தெரிந்த பிறகு, எந்தப் பாடத்தை நீட்டுவது, எதைச் சுருக்குவது என்று எழுதித் தருகிறேன்.